உராய்வுக் குணகம்: சாய்தளமா, விற்றராசா, கப்பியும் தட்டுமா?

உயர்தர வகுப்பில் உராய்வுப் பாடத்தை முடித்த ஒரு மாணவரிடம் உராய்வுக் குணகம் என்றால் என்னவென்று கேட்டால், எல்லை உராய்வு விசையைச் செவ்வன் மறுதாக்கத்தால் (மேற்பரப்பு பொருளைத் தனக்குச் செங்குத்தாகத் தள்ளும் விசையால்) வகுத்தால் வருவது என்ற விடை தயங்காமல் வரும். அதே மாணவரிடம், மேசைமீது ஒரு கிலோகிராம் திணிவுள்ள மரக்குற்றி இருக்கிறது, குணகம் 0.38, அதை நான் 1 நியூற்றன் விசையால் கிடையாக இழுக்கிறேன், குற்றி அசையவில்லை, இப்போது தொழிற்படும் உராய்வு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். கொழும்பு வெள்ளவத்தையில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளில் கெட்டிக்காரர்கள்கூட 0.38 ஐக் குற்றியின் நிறையால் பெருக்கி 3.7 நியூற்றன் என்று எழுதிவிடுகிறார்கள். இழுப்பது 1 நியூற்றன், குற்றி ஓய்வில் இருக்கிறது, ஆகவே உராய்வும் 1 நியூற்றனாகத்தான் இருக்க முடியும். 3.7 என்பது அந்த உராய்வு எட்டக்கூடிய உச்சம். வரைவிலக்கணம் மனப்பாடமாகிவிட்டது, பொருள் இன்னும் கைக்கு வரவில்லை.

செய்முறை ஒன்றைச் செய்து பார்த்தால் இந்தக் குறை தீரும் என்று பொதுவாகச் சொல்வோம். ஆனால் எந்தச் செய்முறை என்பதில்தான் விடயம் இருக்கிறது. குணகத்தை அளக்கப் பள்ளி அளவில் மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன: பலகையைச் சாய்த்துக் கோணத்தை அளப்பது, குற்றியை விற்றராசால் (வில் நீள்வதைக் கொண்டு விசையைக் காட்டும் தராசால்) இழுப்பது, கப்பிக்கு மேலாக இழையைப் போட்டுத் தட்டில் படிகளை (எடைக்கற்களை) ஏற்றுவது. மூன்றுமே ஏறத்தாழ ஒரே எண்ணைத் தரவல்லவை. நான் அவற்றை ஒப்பிடுவது அந்த எண்ணின் துல்லியத்துக்காக மட்டுமன்று. குணகம் இரண்டு விசைகளுக்கு இடையிலான விகிதம் என்பதையும், அது ஒரு பொருளுக்கு உரியதன்று, தொட்டுக்கொண்டிருக்கும் இரு மேற்பரப்புகளின் சோடிக்கு உரியது என்பதையும் எந்த வழி பிள்ளையின் கண்முன்னே வைக்கிறது என்பதே என் அளவுகோல்.

செலவுச் சிக்கனத்தில் முந்துவது சாய்தளம். ஒரு கரம் பலகையும் ஒரு குற்றியும் இருந்தால் போதும். சாய்வுக் கோணத்தைக் காட்டும் செயலி இப்போது பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் கிடைப்பதால் பாகைமானியும் ஊசற்குண்டும் கூடத் தேவைப்படுவதில்லை. பலகையின் ஒரு முனையை மெதுவாக உயர்த்திக்கொண்டே போக, குற்றி நழுவத் தொடங்கும் கணத்தில் உள்ள கோணத்தின் தாஞ்சன்தான் குணகம். 21 பாகையில் நழுவினால் 0.38. ஒரு பாகை பிசகினால் விடை 0.02 அளவில் மாறும். 40 பாகையை ஒட்டி வேலை செய்தால் அதே ஒரு பாகைப் பிசகு 0.03 ஆகிவிடும். பலகையைக் கையால் தூக்குகையில் ஏற்படும் சிறு உதறலே குற்றியை முன்கூட்டி நழுவவைத்துவிடும் என்பதால், அடியில் புத்தகங்களை ஒவ்வொன்றாகச் செருகி உயர்த்துவது நல்லது.

இந்த வழியின் அழகு, திணிவு கணக்கில் வெட்டுப்பட்டுச் சுருங்கிவிடுவதில் இருக்கிறது. குற்றியின் மேல் இன்னொரு குற்றியை ஒட்டிவைத்தாலும் அதே கோணத்தில்தான் நழுவும். இதை முதன்முறை பார்க்கும் பிள்ளைகளின் முகத்தில் வரும் வியப்பை நான் மிகவும் விரும்புகிறேன். பாரமானது முதலில் நழுவும் என்று பாதிப் பேரும், பிந்தி நழுவும் என்று மீதிப் பேரும் பந்தயம் கட்டியிருப்பார்கள். ஆனால் அந்த அழகே கற்பித்தலுக்குத் தடையாகவும் வந்து நிற்கிறது. திணிவு சுருங்கிப்போகும்போது அதனோடு இரண்டு விசைகளும் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன. செவ்வன் மறுதாக்கம் கோணத்தின் கோசைனோடு குறைகிறது, சாய்வு வழியே இழுக்கும் கூறு சைனோடு கூடுகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் மாறுகின்றன, எதையும் யாரும் அளக்கவில்லை. அளந்தது ஒரு கோணம், கிடைத்தது ஒரு தாஞ்சன். சாய்தளத்தோடு மட்டும் நின்ற மாணவர், குணகம் என்பது கோணத்தின் இன்னொரு பெயர் என்று நம்பி வெளியேறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

விற்றராசு இதற்கு நேர்மாறானது. விசை ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது. மேலே சொன்ன ஒரு கிலோகிராம் குற்றியில் விற்றராசைக் கொளுவி மெல்ல இழுக்கும்போது, காட்டி 1 நியூற்றனில் நிற்கையில் குற்றி அசையாது, 2 இலும் அசையாது, 3 இலும் அசையாது, 3.7 ஐ அண்மித்ததும் சடக்கென்று விலகி, காட்டி 3 க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். இழுக்கும் விசைக்கு ஈடாக உராய்வு வளர்ந்துகொண்டே போகிறது, ஓர் எல்லைக்கு மேல் அதனால் வளர முடிவதில்லை, குற்றி நகரத் தொடங்கியதும் அது குறைந்துவிடுகிறது என்ற மூன்று செய்திகளும் அரை நிமிடத்தில் காணக் கிடைக்கின்றன. முதற்பந்தியில் சொன்ன பிழையை இதைவிட விரைவாகத் திருத்தும் மருந்து எனக்குத் தெரியாது. நிலையியல் உராய்வுக் குணகம், இயக்கவியல் உராய்வுக் குணகம் என்று ஏன் இரண்டு வேண்டும் என்பதையும் சொல்லி விளக்க வேண்டியிருக்காது.

குறைபாடு அளவீட்டில் வருகிறது. உச்ச வாசிப்பு ஒரு கணமே நிற்கும்; மூன்று பேர் பார்த்தால் மூன்று எண்கள் சொல்வார்கள். குற்றி நகரும்போதும் கை நடுங்க நடுங்கக் காட்டி மேலும் கீழும் துள்ளும். தொங்கவிட்டுப் பூச்சியம் சரிசெய்யப்பட்ட விற்றராசைக் கிடையாகப் பிடித்தால், கொளுக்கியின் நிறை வில்லை இழுக்காததால் பூச்சியமே இடம் பெயர்ந்திருக்கும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. இயக்க உராய்வைப் பொறுத்தவரை ஒரு நல்ல மாற்று உண்டு: விற்றராசின் மறுமுனையைச் சுவரில் அல்லது மேசைக்காலில் கட்டிவிட்டு, குற்றியை அசையாமல் நிறுத்தி, அதன் அடியில் இருக்கும் பலகையை இழுங்கள். குற்றி நின்ற இடத்திலேயே நிற்கும், காட்டியும் ஏறத்தாழ அமைதியாக நிற்கும், பலகையைச் சீராக இழுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஏனெனில் ஓய்வில் உள்ள குற்றியின் சமநிலைக்கு வில்லின் இழுவையும் உராய்வும் சமமாக இருந்தாலே போதும். பலகையைக் கொஞ்சம் வேகமாக இழுத்தாலும் வாசிப்பு பெரிதாக மாறாததைப் பார்க்கும் மாணவருக்கு, இயக்க உராய்வு வேகத்தை அதிகம் சார்ந்ததன்று என்ற வரி புத்தகத்தில் எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கிவிடும்.

கப்பியும் தட்டும் கொண்ட அமைப்பைப் பலர் பழைய முறை என்று ஒதுக்குகிறார்கள். அது பழையதுதான். பிரான்சு விஞ்ஞானக் கழகத்தில் 1699 இல் கியோம் அமோந்தோன், உராய்வு செவ்வன் விசைக்கு விகிதசமம் என்றும் தொடுகைப் பரப்பளவைச் சார்ந்ததன்று என்றும் முன்வைத்ததற்குப் பல பத்தாண்டுகளுக்குப் பின், சார்ள்ஸ் கூலோம் அதைப் பெரிய அளவில் சோதித்து 1785 இல் வெளியான ஆய்வுரையில் விவரித்தபோது பயன்படுத்தியதும் இதே அமைப்பின் பெரிய வடிவந்தான்: கிடையான மேடையில் பாரமேற்றிய சறுக்கு, கயிறு, கப்பி, தொங்கும் எடைத்தட்டு. இந்த முறையில் செவ்வன் மறுதாக்கத்தை நாமே, நமக்கு வேண்டிய அளவில், படிகளை வைத்து மாற்றுகிறோம். அதற்கு ஈடாக எல்லை உராய்வு மாறுவதைத் தட்டில் எண்ணுகிறோம். இரண்டு விசைகளும் தனித்தனியே கையில் இருக்கின்றன. அவற்றுக்கிடையிலான உறவு வரைபாக வளர்வதைப் பிள்ளை தன் பென்சிலாலேயே காண்கிறது.

சென்ற தவணையில் என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது தெளிவாகும். குற்றியும் அதன்மேல் வைத்த படிகளும் சேர்ந்து 400, 600, 800, 1000 கிராம் என்று நான்கு தடவை மாற்றி, நழுவல் தொடங்கத் தட்டில் எவ்வளவு வைக்க வேண்டியிருந்தது என்று ஒரு குழு குறித்தது: 110, 190, 265, 340 கிராம். ஒவ்வொன்றையும் தனித்தனியே வகுத்தபோது குணகம் 0.28, 0.32, 0.33, 0.34 என்று ஏறிக்கொண்டே போனது. பாரம் கூடக் குணகமும் கூடுகிறது, ஆகவே விதி பிழை என்று ஒரு மாணவி துணிந்து சொன்னார். நான் மறுக்கவில்லை, நான்கு புள்ளிகளையும் வரைபில் குறிக்கச் சொன்னேன். அவை அழகான நேர்கோட்டில் அமைந்தன, படித்திறன் (கோட்டின் சாய்வு) 0.38 வந்தது, ஆனால் கோடு உற்பத்தியினூடாக, அதாவது அச்சுகள் சந்திக்கும் பூச்சியப் புள்ளியினூடாக, செல்லாமல், நிலைக்குத்து அச்சைப் பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 கிராமில் வெட்டியது. அந்த மாணவியே சற்று நேரம் வரைபைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்துபோய்த் தட்டைக் கழற்றி எடை பார்த்தார். தட்டின் திணிவு 40 கிராம். அதைச் சேர்க்க எல்லோரும் மறந்திருந்தார்கள்.

சாய்தளத்தில் இப்படியொரு மறதி நடந்திருந்தால் அது மறைந்தே போயிருக்கும், விற்றராசில் அது வெறும் ஒரு பிழையான எண்ணாக நின்றிருக்கும். இங்கே கோடு அச்சை வெட்டிய வெட்டுத்துண்டு வழுவைப் பிடித்துக் காட்டியது, படித்திறன் உண்மையைக் காப்பாற்றியது. ஒற்றை வாசிப்பின் விகிதத்தைவிடப் பல வாசிப்புகளின் படித்திறன் ஏன் நம்பத்தக்கது என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை என்னால் திட்டமிட்டுத் தயாரித்திருக்க முடியாது.

குறைகளும் உண்டு. கப்பியின் அச்சில் உள்ள உராய்வு இழையின் இழுவையோடு சேர்ந்து கூடுவதால் அது படித்திறனுக்குள்ளேயே புகுந்து விடையைச் சற்றுப் பெருப்பிக்கும். வரைபால் அதைப் பிரித்துக் காட்ட முடியாது. இழை பலகைக்குச் சமாந்தரமாக இல்லாமல் கப்பியை நோக்கி 10 பாகை மேலேறினால், அது குற்றியைச் சிறிது தூக்கிச் செவ்வன் மறுதாக்கத்தைக் குறைத்துவிட, 0.38 வரவேண்டிய இடத்தில் 0.36 வரும். இன்னொன்று, குற்றியை எவ்வளவு நேரம் ஓய்வில் விட்டீர்கள் என்பதும் முக்கியம்: மரத்தோடு மரம் நெடுநேரம் தொட்டுக்கொண்டிருந்தால் எல்லை உராய்வு கூடுவதைக் கூலோமே கவனித்திருக்கிறார். ஆகவே ஒவ்வொரு வாசிப்புக்கும் ஒரே அளவு நேரம் காத்திருக்க வேண்டும்.

பரப்பளவுக் கேள்வியில் மட்டும் சாய்தளம் மீண்டும் முந்துகிறது. குற்றியை அகன்ற முகத்தில் ஒருமுறையும் ஒடுங்கிய முகத்தில் ஒருமுறையும் வைத்துச் சாய்த்தால் ஒரே கோணத்தில் நழுவுவதை இரண்டு நிமிடத்தில் காட்டிவிடலாம். ஒடுங்கிய முகத்தின் நீண்ட விளிம்பு சரிவு வழியே இருக்கும்படி வைப்பது அவசியம், அல்லாவிட்டால் நழுவுவதற்கு முன் கவிழ்ந்துவிடும். உண்மையில் இரு மேற்பரப்புகளும் அவற்றின் நுண்ணிய மேடுகளில் மட்டுமே தொடுகின்றன என்பதையும், அந்த உண்மையான தொடுகைப் பரப்பு அழுத்தும் விசைக்கு ஏற்பக் கூடுகிறது என்பதையும் 20 ஆம் நூற்றாண்டில் உராய்வு ஆய்வாளர்களான பௌடனும் தேபரும் நிறுவினார்கள். குற்றியின் எந்த முகம் கீழே இருந்தாலும் அழுத்தும் விசை ஒன்றே என்பதால், உண்மையான தொடுகைப் பரப்பும் ஒன்றாகவே இருக்கிறது.

அட்டவணையில் உள்ள பெறுமானத்தை எடுத்துக்கொண்டால் போதாதா என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. மரத்தின்மீது மரத்துக்கு 0.25 முதல் 0.5 வரை என்றுதான் அட்டவணைகள் பொதுவாகத் தருகின்றன. அந்த அகன்ற இடைவெளியே அது ஒரு நிலையான மாறிலியன்று என்பதற்குச் சான்று. கடலை அண்டிய நம் வீடுகளில் பலகை ஈரத்தை உறிஞ்சுகிறது, விரல்பட்ட இடத்தில் வியர்வை படிகிறது. கரம் பலகையில் பவுடர் தூவினால் அதே காய், அதே பலகை, ஆனால் வேறொரு குணகம். குணகம் ஒன்றைத் தாண்டாது என்ற நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம்: றப்பர் செருப்பொன்றைச் சொரசொரப்பான சீமெந்துப் பலகையில் வைத்துச் சாய்த்துப் பாருங்கள், 45 பாகையைக் கடந்தும் நழுவாமல் நிற்கக்கூடும். மழை நாளில் கொழும்பின் காலி வீதியில் ஓட்டோவின் சில்லு நழுவுவதும் இதே கணக்குத்தான். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வந்து பிரேக் போட்டுச் சில்லுகள் வழுக்கினால், குணகம் 0.8 என்று கொண்டால் நிற்க 8 மீற்றர் வேண்டும், நனைந்து 0.4 ஆனால் 16 மீற்றர் வேண்டும்.

என் தெரிவு கப்பியும் தட்டும். இரண்டு பாடவேளை கிடைத்தால் முதலில் விற்றராசைக் கொடுத்து உராய்வு வளர்ந்து உடைவதை உணரவைத்து, பிறகு கப்பிக்குப் போய், கடைசியில் சாய்தளத்தால் விடையைச் சரிபார்க்கச் சொல்வேன். படித்திறனும் தாஞ்சனும் ஒன்றையொன்று நெருங்கும்போது சாய்தளத்தின் சூத்திரத்துக்கு அப்போதுதான் பொருள் வருகிறது. ஒரே பாடவேளை என்றால் சாய்தளத்தை வீட்டு வேலையாக விட்டுவிடுவேன். கப்பியைப் புறக்கோட்டை இரும்புக் கடைகளில் வாங்குவதானால், காசு கொடுக்குமுன் விரலால் ஒருமுறை சுண்டிச் சுழற்றிப் பாருங்கள். உடனே நின்றுவிடும் கப்பியை எடுக்க வேண்டாம். எடுத்த கப்பியின் அச்சுக்கும் வகுப்பன்று காலையில் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் விடுங்கள், பலகையில் மட்டும் அது சிந்திவிடாமல்.