சரிவில் ட்ரெய்லர் டெலிவரி: ரசீதில் கையெழுத்துப் போடுமுன் டயருக்குக் கீழே பாருங்கள்

பிட்ஸ்பர்க் பக்கம் மேட்டு வீட்டுக்காரர்கள் இரட்டை அச்சு டிராவல் ட்ரெய்லர் (பிக்கப் இழுத்துப் போகும் வீட்டு வண்டி) வாங்கும்போது கவனிக்கவும். "வீட்டிலேயே நிறுத்தித் தருகிறோம்" என்று தனிக் கட்டணம் கறந்த ஒரு டீலரின் ஆட்கள், 15% சரிவான டிரைவ்வேயில் நிறுத்திய லட்சணம் இது: பக்கத்துக்கு ஒன்றாக இரு டயர்களுக்கு நடுவே விரித்து இறுக்கும் எக்ஸ்-சாக், ட்ரெய்லரின் மின் பிரேக் பிடிக்கட்டும் என்று உருவிவிட்ட பிரேக்அவே பின், வண்டியின் மூக்கைத் தாங்கும் டங் ஜாக்குக்கு அடியில் அடுக்கடுக்காகப் பலகை. டயர் உருளாமல் அண்டை கொடுக்கும் முட்டுக்கட்டை ஒன்றுகூட இல்லை. இரவோடு இரவாக வண்டி நகர, பலகை அடுக்கு சரிந்து ஜாக் கால் வளைந்துபோனது. கேட்டால், "டெலிவரி ரசீதில் கையெழுத்து இருக்கே" என்கிறார்கள்.

பிரேக்அவே என்பது ஓடும்போது கழன்ற வண்டியை நிறுத்த மட்டும்தான். பேட்டரி மின்சாரம் இருக்கும்வரைதான் அதற்குப் பிடி. அமெரிக்க வணிக வாகன விதி அதனிடம் கேட்பதே 15 நிமிடம். எக்ஸ்-சாக் ஆட்டத்தைக் குறைக்கும் சாமான். குளிரில் டயர் சுருங்கினால் அதுவும் தளர்ந்துவிடும். 7,000 பவுண்டு வண்டியை இந்தச் சரிவு 1,000 பவுண்டுக்கு மேல் கீழே இழுக்கும்.

பிக்கப் மாட்டியிருக்கும்போதே நான்கு டயருக்கும் கீழ்ச்சரிவுப் பக்கம் முட்டுக்கட்டை வைக்கச் சொல்லுங்கள். டயர் உயரத்தில் கால்வாசியாவது வேண்டும்: 28 அங்குல டயருக்கு 7 அங்குலம், கனமான ரப்பர். உள்ளே கூடாக இருக்கும் பிளாஸ்டிக் கட்டை தாரில் வழுக்கும், வெடிக்கும். பிறகு பிக்கப் பிரேக்கை மெல்ல விட்டு, ட்ரெய்லர் கட்டையில் உட்கார்ந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்ற பிறகே பிக்கப்புக்கு பார்க்கிங் பிரேக், அதன்பின் கப்ளரை (ட்ரெய்லரை பிக்கப்பின் பந்தில் பூட்டும் கொக்கி) திறக்கலாம். கப்ளர் திறக்க முரண்டு பிடித்தால் சுத்தியலால் தட்ட விடாதீர்கள். பாரம் இன்னும் பந்தின்மேல் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டையும் பிணைக்கும் பாதுகாப்புச் சங்கிலியைக் கழற்றுவது கடைசியில். கீழ்ப்பக்கம் யாரும் நிற்க வேண்டாம்.

மட்டமாக்குகிறோம் என்று மூக்கைத் தூக்க வந்தால் வேண்டாம் என்றுவிடுங்கள். அச்சிலிருந்து ஜாக் வரை 16 அடி என்றால் இந்தச் சரிவுக்கு 29 அங்குலம் தூக்க வேண்டும். ஜாக் நீள்வதோ பெரும்பாலும் 18. சும்மா நிறுத்திவைக்கும் வண்டிக்கு மட்டம் எதற்கு? கேஸ் ஃப்ரிட்ஜை மட்டும் சரிந்த நிலையில் ஓட்டாதீர்கள். பின்பக்க ஸ்டெபிலைசரால் (ஆட்டத்தைக் குறைக்கும் முட்டுக்கால்) தூக்குவதும் கூடாது, டயரில் பாரம் குறைந்து கட்டை பிடிக்காது.

இத்தனையும் பார்த்தபின், ரசீதில் "4 முட்டுக்கட்டைகளுடன் நிறுத்தப்பட்டது" என்று அவர்கள் கையால் எழுதி வாங்கிக்கொண்டே கையெழுத்திடுங்கள்.