திறந்திருக்கும் படம் எந்த ஃபோல்டரில்? செயலியைக் கேட்பதா, பெயரைத் தேடுவதா?

படம் திரையில் திறந்திருக்கிறது. அது கணினியில் எந்த ஃபோல்டருக்குள் கிடக்கிறது என்பதுதான் தெரியவில்லை. கண்டுபிடிக்கப் பெரும்பாலோர் கையாளும் வழிகள் மூன்று. திறந்து வைத்திருக்கும் செயலியிடமே கேட்கலாம். ‘சேவ் ஆஸ்’ கொடுத்து, வரும் பெட்டி எந்த ஃபோல்டரைக் காட்டுகிறது என்று பார்க்கலாம். ஃபைலின் பெயரைப் போட்டுத் தேடலாம். என் ஓட்டு முதலாவதற்குத்தான். மற்ற இரண்டும் உதவாதவை அல்ல. ஆனால் அவை காட்டுவது இந்தப் படத்தையா, இதே பெயருள்ள வேறொரு படத்தையா என்ற சந்தேகம் கடைசிவரை ஒட்டிக்கொண்டே இருக்கும்.

செயலியிடம் கேட்பது எப்படி? விண்டோஸ் ஃபோட்டோஸில் ஆல்ட் விசையோடு என்டரை அழுத்தினால் பக்கவாட்டில் தகவல் பலகை விரியும். படத்தின் அளவு, தேதி ஆகியவற்றோடு ஃபோல்டர் பாதையும் அதில் இருக்கும். பாதையைச் சொடுக்கினால் ஃபோல்டரே திறந்துகொள்ளும். மேலே உள்ள மூன்று புள்ளி மெனுவில் ‘ஓபன் இன் ஃபைல் எக்ஸ்ப்ளோரர்’ என்றொரு வரியும் உண்டு (பதிப்பைப் பொறுத்து வாசகம் கொஞ்சம் மாறலாம்). பழைய ஃபோட்டோ வியூவரில் படத்தின் மேல் வலது சொடுக்கு, ‘ஓபன் ஃபைல் லொகேஷன்’. இர்ஃபான்வியூவில் ஆங்கில ‘ஐ’ எழுத்தை மட்டும் அழுத்தினால் போதும், முழுப் பாதையும் வந்துவிடும். ஃபோட்டோஷாப்பில் ஆவணத்தின் டேப் மீது வலது சொடுக்கினால் ‘ரிவீல் இன் எக்ஸ்ப்ளோரர்’. கிம்ப்பில் ‘இமேஜ் ப்ராப்பர்டீஸ்’.

மேக்கில் இதைவிடச் சுலபம். ப்ரிவ்யூ சாளரத்தின் உச்சியில் இருக்கும் ஃபைல் பெயரை, கமாண்ட் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கினால், ஃபைலில் தொடங்கி டிஸ்க் வரை ஃபோல்டர்கள் ஏணிபோல் இறங்கி நிற்கும். வேண்டியதைத் தேர்ந்தால் ஃபைண்டரில் திறக்கும். லினக்ஸில் படம் பார்க்கும் செயலிகள் ஏராளம் என்பதால் க்னோம் என்ற டெஸ்க்டாப்பை மட்டும் வைத்துச் சொல்கிறேன்: அங்கும் ஆல்ட், என்டர்தான்.

இந்த வழியில் ஒரு சின்னப் பொறி உண்டு. எக்ஸ்ப்ளோரர் திறந்ததும் மேலே முகவரிப் பட்டையில் ‘பிக்சர்ஸ்’ என்று மட்டும் தெரியலாம். ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) காப்பு இயங்கும் கணினியில் அந்த பிக்சர்ஸ், ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருப்பதாக இருக்கும். பயனர் ஃபோல்டரின் கீழ் நேராக இருப்பதல்ல. ஃபைலை வலது சொடுக்கி ‘ப்ராப்பர்டீஸ்’ திறந்து, ‘லொகேஷன்’ வரியைப் படித்தால் குழப்பம் தீரும்.

இனி, தேடலை நான் ஏன் பின்னுக்குத் தள்ளுகிறேன் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். டிஜிட்டல் கேமராக்கள் பெயர் வைப்பதற்கு டிசிஎஃப் என்றொரு பொது விதி இருக்கிறது. நான்கு எழுத்து, அதன்பின் நான்கு இலக்கம். எண் 0001-இல் தொடங்கி 9999-இல் முடிந்து மறுபடி முதலிலிருந்து வரும். ஆக, ஒரே கேமராவில் எடுத்த இரண்டு வேறு படங்களுக்கு ஒரே பெயர் வருவது விபத்து அல்ல, விதியின் விளைவு. வீட்டில் இரண்டு கேமரா இருந்தால் பத்தாயிரம் வரை காத்திருக்கவும் வேண்டாம். இதற்குமேல், மெமரி கார்டிலிருந்து இறக்கியது ஒன்று, காப்புக்காக வெளி டிஸ்க்கில் போட்டது ஒன்று, அனுப்புவதற்காக டெஸ்க்டாப்பில் வைத்தது ஒன்று என்று நகல்கள் வேறு.

தேடல் இவை அத்தனையையும் வரிசையாகக் கொண்டுவந்து கொட்டும். திறந்திருப்பது எது? படங்கள் வேறுவேறு என்றால் பைட் அளவையும் தேதியையும் ஒப்பிட்டுப் பிரித்துவிடலாம். அச்சு அசலான நகல்கள் என்றால் அளவும் ஒன்று, உள்ளடக்கமும் ஒன்று. பாதை ஒன்றுதான் வித்தியாசம். நாம் தேடுவதே அந்தப் பாதையைத்தான்! தவறான நகலை ‘இதுதான்’ என்று நினைத்து அழித்தாலோ திருத்தினாலோ அதன் பலன் பிறகுதான் தெரியவரும்.

வேகம் என்று பார்த்தால் தேடலுக்குக் குறையில்லை. எவ்ரிதிங் என்ற இலவசக் கருவி என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் டிஸ்க் அமைப்பு) டிஸ்க்கின் ஃபைல் பட்டியலையே நேராகப் படிப்பதால், எழுத்து விழ விழ விடை வரும். விண்டோஸின் சொந்தத் தேடல், மாற்றாமல் விட்டால், பயனர் ஃபோல்டர்களைச் சுற்றித்தான் அட்டவணை போட்டு வைத்திருக்கும். இரண்டாவது டிரைவில் தேடச் சொன்னால் திணறும். படத்தை மூடியாயிற்று, பெயர் மட்டும் நினைவில் இருக்கிறது என்ற நிலையில் எவ்ரிதிங்கை விட்டால் நல்ல வழி இல்லை. படம் திறந்திருக்கும்போது அதை நாடுவது, ஆள் எதிரே நிற்க ஊரெல்லாம் விசாரிப்பது மாதிரி.

‘சேவ் ஆஸ்’ வழிக்கு ரசிகர்கள் அதிகம், காரணம் அது பெரும்பாலான செயலிகளில் இருக்கிறது. பல செயலிகளில் படம் இருக்கும் ஃபோல்டரிலேயே பெட்டி திறக்கும். எல்லாவற்றிலும் அல்ல. ‘கட்டாயம் இந்த ஃபோல்டரில் திற’ என்று செயலி விண்டோஸிடம் சொல்லியிருந்தால் நமக்குச் சரியான விடை. ‘வேறு எதுவும் இல்லையென்றால் இதில் திற’ என்று மட்டும் சொல்லியிருந்தால், கடைசியாக எதையோ சேமித்த ஃபோல்டர்தான் முன்னால் வந்து நிற்கும். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால் எது நடந்தது என்று கண்டுகொள்ள முடியாது. கை தவறி ‘சேவ்’ அழுத்தினால் இன்னொரு ஆபத்து: ஜேபெக் படம் மறுபடி சுருக்கப்பட்டுத் தரம் சற்றுக் குறையும். பார்த்துவிட்டு எஸ்கேப் அழுத்தி வெளியே வந்துவிடுங்கள்.

செயலி வாயே திறக்காவிட்டால்? டாஸ்க் மேனேஜரில் ‘டீடெய்ல்ஸ்’ பகுதிக்குப் போய், நெடுவரிசைத் தலைப்பை வலது சொடுக்கி ‘கமாண்ட் லைன்’ என்பதைச் சேர்த்தால், செயலி தொடங்கியபோது அதனிடம் கொடுக்கப்பட்ட ஃபைல் பாதை பெரும்பாலும் தெரியும். ஸ்டோரிலிருந்து வரும் செயலிகளுக்கு இது பொருந்தாது. அம்புக்குறி விசையால் அடுத்த படத்துக்கு நகர்ந்திருந்தாலும் முதலில் திறந்த படத்தின் பாதையே நிற்கும். எந்தச் செயலி எந்த ஃபைலைப் பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டும் கருவிகளை நாடுவோரும் உண்டு. படத்துக்கு அவை பல நேரம் பயன்படாது. பல செயலிகள் படத்தை நினைவகத்துக்குள் ஏற்றிய கையோடு ஃபைலை விட்டுவிடுகின்றன.

நான் முன்னிறுத்தும் வழியும் சில நேரம் உண்மையையே சொல்லி ஏமாற்றத்தைத் தரும். பாதையில் ‘ஆப்டேட்டா’, ‘லோக்கல்’, ‘டெம்ப்’ என்று வந்தால், பெரும்பாலும் ஜிப் போன்ற தொகுப்புக்குள் இருந்தபடியே படத்தைத் திறந்திருக்கிறீர்கள். தொகுப்புகளைத் திறக்கும் செயலிகளில், செவன்ஜிப் தன் தற்காலிக ஃபோல்டருக்கு 7 என்ற எண்ணில் தொடங்கும் பெயர் வைக்கும். வின்ரார் வைக்கும் பெயர் ‘ரார்’ என்று தொடங்கி டாலர் குறியோடு போகும். தொகுப்பை மூடினால் அந்த ஃபோல்டரும் போய்விடலாம். உடனே வேறிடத்தில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அவுட்லுக்கில் இணைப்பை நேராகத் திறந்தாலும் இப்படித்தான் ஒரு மறைவான ஃபோல்டர் வரும்.

மேக்கின் ஃபோட்டோஸ் செயலி தனி ரகம். படங்கள் அதன் நூலகப் பொதிக்குள் நீண்ட எழுத்தெண் கோவைப் பெயர்களோடு இருக்கும். பொதியைத் திறந்து உள்ளே கைவைக்காமல், ‘எக்ஸ்போர்ட் அன்மாடிஃபைட் ஒரிஜினல்’ கொடுத்து மூலத்தை வெளியே எடுப்பதே பாதுகாப்பு.

உலாவியில் திறந்திருந்தால் முகவரிப் பட்டையே விடை. ‘ஃபைல்’ என்று தொடங்கினால் மீதி முழுக்கப் பாதைதான். அதை நகலெடுத்து ஒட்டும்போது இடைவெளி ஒவ்வொன்றும் சதவீதக் குறியோடு 20 என்று மாறலாம். ஃபோல்டர் பெயரில் தமிழ் இருந்தால், ‘க’ என்ற ஓரெழுத்தே மூன்று பைட்டாகப் பிரிந்து மூன்று சதவீதக் குறிகளாக நீளும். பட்டையில் ‘எச்டிடிபி’ என்று தொடங்கினால் அந்தப் படம் இன்னும் உங்கள் கணினியில் சேமிக்கப்படவில்லை. உலாவியின் தற்காலிகச் சேமிப்பில் மட்டும் தங்கியிருக்கலாம்.