பேரிங் இல்லாத ஸ்டெப்னி கேரியர்: வேலூரில் 24,500 ரூபாய் போன கதை

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. சாமி 1981இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாற்றிலும் 2021இல் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனது. பட்டியல் இப்படிக் குறைந்துகொண்டே வருவதால் என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன்: பேரிங் இல்லாத கேரியர், அதாவது வண்டியின் பின்னால் ஸ்டெப்னியைத் தாங்கும் இரும்புச் சட்டம்.

நான் சிறுதானிய வியாபாரம் செய்கிறவன். சாமை வாங்க மாதம் ஒரு முறையாவது ஒடுகத்தூர் வழியாகப் பீஞ்சமந்தை மலைக்கு ஏறிவிடுவேன். முத்துக்குமரன் மலையிலிருந்து இப்போது சாலை இருக்கிறது. அதிலிருந்து ஊர்களுக்குப் பிரியும் மண் தடங்கள் பழையபடிதான். வண்டி பழைய மாருதி ஜிப்ஸி ஜீப். அதில் ஸ்டெப்னி பின்கதவிலேயே தொங்கும். நான் 235/75 ஆர்15 டயருக்கு மாறியபின், ரிம்மோடு சேர்த்து அரிசிக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன்: 26 கிலோ. ஒரு வருடத்தில் கீல் தளர்ந்து கதவு தொங்கியது. மூடும்போது ஒரு கையால் தூக்கிப் பிடித்து மறு கையால் அறைய வேண்டும். ஸ்டெப்னி மாட்டும் இடத்தைச் சுற்றித் தகட்டில் மயிரிழை விரிசலும் விட்டுவிட்டது.

இதற்கு மருந்து பம்பரில் பொருத்தும் கேரியர். டயரின் எடை கதவை விட்டு இறங்கிப் பம்பருக்கும், அங்கிருந்து வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்கும் போய்விடும். கதவைத் திறக்க வேண்டுமானால் முதலில் கேரியரைப் பக்கவாட்டில் விலக்க வேண்டும், அவ்வளவுதான் தொல்லை. யோசனையில் தவறில்லை; இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். தவறு நான் போன பட்டறையில்.

பெயர் சொல்லவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. பெயர்ப் பலகையில் சேற்றில் பாயும் ஜீப் படம். உரிமையாளர் நன்றாகப் பேசினார். 5 மில்லிமீட்டர் பிளேட், கேரியர் சுழலும் அச்சில் மேலும் கீழும் டேப்பர் பேரிங் (பளுவைத் தாங்கி ஆட்டமில்லாமல் சுழலவிடும் உருளைகள்), கிரீஸ் ஏற்ற ஒரு நிப்பிள், பவுடர் கோட்டிங், ஒரு வாரம், 24,500 ரூபாய். பில் கேட்டேன். "பில் போட்டால் 18 சதவீதம் கூடும் சார், உங்களுக்கு எதற்கு?" என்றார். எனக்கு எதற்கு என்று நானும் நினைத்தேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்கு எழுதிக் கொடுத்தார்.

ஒரு வாரம் 23 நாளானது. இடையில் இரண்டு முறை போனேன். "உள்ளே வெல்டிங் நடக்கிறது, கண்ணுக்கு ஆகாது" என்று வெளியிலேயே உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். கடைசியில் வண்டியை எடுத்தபோது கேரியர் கண்ணாடிபோல் பளபளத்தது. எங்கும் ஒரு வெல்டிங் தழும்புகூட இல்லை. சுத்தமான வேலை என்று சந்தோஷப்பட்டேன். அங்கேதான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் பயணத்தில் கடகடவென்ற சத்தம். போன் செய்தால், "புதிது, செட்டாகிவிடும்" என்று பதில். மூன்றாவது பயணத்தில், சாமை மூட்டைகளோடு இறங்கும்போது, ஒரு பள்ளத்தில் சத்தம் சட்டென்று நின்றது. கண்ணாடியில் பார்த்தால் ஸ்டெப்னி இல்லை. கொண்டி விட்டு, கேரியர் வெளியே வீசி, அடியோடு பிய்ந்து கிடந்தது. டயர் மட்டும் தனியாகச் சரிவில் உருண்டு ஒரு கொல்லையில் போய் விழுந்திருந்தது. அங்கே வேலையாக இருந்தவர்கள் இரண்டு பேர் அதை மேலே உருட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சற்று முன்புதான் ஒரு பைக்குக்கு வழிவிட்டு அதை முன்னே போகச் சொல்லியிருந்தேன். அது பின்னாலேயே வந்திருந்தால் என்பதை நான் இன்னும் யோசிக்க விரும்பவில்லை.

என் மாமா ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உடைந்ததை அவர் வீட்டு வாசலில் போட்டேன். திருகுளியால் சுரண்டினார், பெயிண்டுக்கு அடியில் மேடுபள்ளத்தை மறைக்கப் பூசும் பட்டி, விரல் கனத்துக்கு. பட்டியைத் தட்டி எடுத்ததும் உண்மையான வெல்டிங் தெரிந்தது. "இது வெல்டிங் இல்லை மாப்பிள்ளை, இரும்புக்குச் சாந்துப் பொட்டு வைத்திருக்கிறான்" என்றார். உலோகம் உருகி ஒன்றுக்குள் ஒன்று இறங்கவே இல்லை, மேலே சொட்டிக் காய்ந்திருக்கிறது. பிளேட் 5 அல்ல, 3 மில்லிமீட்டர். பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பைப்புக்குள் இன்னொரு பைப், நடுவில் கொஞ்சம் கிரீஸ். கிரீஸ் நிப்பிள் இருந்தது. அதற்குப் பின்னால் துளைதான் இல்லை! எனக்குக் கோபத்தையும் மீறிச் சிரிப்பு வந்தது.

முக்கியமான குற்றம் அச்சில் என்றார். கேரியர் சுழலும் அந்த அச்சு பம்பரின் மேல் தகட்டைத் துளைத்துக் கீழ்த் தகடு வரை இறங்கி, இரண்டு இடத்திலும் சுற்றி வெல்டு ஆகியிருக்க வேண்டும். இதில் மேல் தகட்டின்மீது சும்மா நிறுத்தி ஒட்டியிருக்கிறார்கள். அச்சிலிருந்து இரண்டடி தள்ளி 26 கிலோ தொங்கும்போது ஒவ்வொரு பள்ளமும் அதை நெம்புகோல்போல் நெம்பும். எனக்கு வெல்டு விட்டதோடு தகடும் சேர்ந்து கிழிந்திருந்தது. ஆட்டத்தைத் தடுக்க வைக்கும் ரப்பர் முட்டில் டயரின் முகம் அழுந்தி உட்காராததால் ஆட்டம் இன்னும் அதிகம். பூட்டு டிரங்குப் பெட்டிக் கொண்டி மாதிரி ஒன்றே ஒன்று. அது விட்டால் பிடிக்க இரண்டாவதாக ஒரு பூட்டு ஊசி இல்லை. சேசிஸில் மாட்டிய போல்ட்டுகளின் தலையில் உறுதியைக் குறிக்கும் 8.8 என்ற எண் இருக்க வேண்டுமாம். எங்கள் போல்ட்டுகளின் தலை மொட்டை.

பட்டறைக்குப் போனேன். "மலையில் ஓட்டினால் எந்தக் கேரியரும் தாங்காது சார்." சேற்றில் பாயும் ஜீப் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு சொன்னார். 6,000 கொடுத்தால் மறுபடி வெல்டு வைத்துத் தருவாராம். நம்பர் பிளேட்டை இடம் மாற்ற, அதைக் கழற்ற முடியாதபடி போட்டிருந்த பூட்டை உடைத்து வெறும் திருகாணி போட்டிருந்ததும் அன்றுதான் என் கண்ணில் பட்டது.

கேரியர் செய்யக் கொடுக்கிறவர்கள் பெயிண்ட் அடிப்பதற்கு முன் ஒரு நாள் போய் இரும்பை வெறும் உடம்போடு பாருங்கள். விடவில்லை என்றால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பேரிங்கை உங்கள் கண்முன் போடச் சொல்லுங்கள். டயரை மாட்டி, கேரியரைத் திறந்து, டயரின் அடியில் கை கொடுத்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அச்சில் அசைவு தெரிந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். சரிவில் நிறுத்தியும் திறந்து பார்க்க வேண்டும். திறந்த நிலையில் பிடித்து நிறுத்தப் பூட்டு இல்லையென்றால் அது உங்கள் கையை நசுக்கத் திரும்பி வரும்.

பில் இல்லாததால் எனக்கு வழியே இல்லை என்று நினைத்திருந்தேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசியபின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான மனுவுக்குக் கட்டணம் இல்லை; இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். முன்பணம் 15,000 ஜிபேயில் போனதன் பதிவும், 'செட்டாகிவிடும்' என்ற அவருடைய குரல் பதிவும், அந்தக் காலண்டர் தாளும் என்னிடம் இருக்கின்றன.

ஸ்டெப்னி இப்போது வண்டிக்குள் மூட்டைகளோடு படுத்திருக்கிறது. கேரியர் மாமா வீட்டுத் தோட்டத்தில். பீர்க்கங்கொடி ஏற்ற அது வேண்டும் என்று அத்தை இரண்டு முறை கேட்டுவிட்டார். சாட்சிப் பொருள், தீர்ப்பு வரும்வரை தொடாதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.