கன்சோலா, கேமிங் பிசியா? மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால்

பெட்டியைப் பிரித்த வாரத்தில் கன்சோலும் (பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போல கேமுக்கென்றே விற்கும் பெட்டி) கேமிங் பிசியும் அருமையாகத்தான் இருக்கும். வாங்கியது சரியா தப்பா என்பது இரண்டாம் வருஷத்தில்தான் தெரிய ஆரம்பிக்கும். ஸ்டோரேஜ் நிரம்பும், கன்ட்ரோலரின் ஸ்டிக் தேயும், விசிறி இரையும், நண்பர் கூட்டம் வேறு கேமுக்குத் தாவும். இந்தப் பகிர்வு அந்தக் கட்டத்தைப் பற்றியது.

டீன் ஏஜ் பிள்ளைக்கு வாங்கப்போகிறீர்கள் என்றால், "எது பவர்ஃபுல்" என்று தேடுவதற்கு முன் ஒரு தாளைக் கொடுத்து மூன்று கேம் பெயர் எழுதச் சொல்லுங்கள்: இப்போது விளையாடுவது, நண்பர்கள் விளையாடுவது, அடுத்து விளையாட ஆசைப்படுவது. பாதி முடிவு அந்தத் தாளிலேயே இருக்கும். கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்று எழுதினால் கன்சோல் பேச்சே வேண்டாம், அவை அதில் கிடையாது. வேலரண்ட் 2024இல் கன்சோலுக்கு வந்துவிட்டது. ஆனால் கன்சோலில் விளையாடுபவரும் கணினியில் விளையாடுபவரும் ஒரே மேட்சில் சேர முடியாது. நண்பர்கள் எல்லாரும் கணினியில் இருந்தால், கன்சோல் வாங்கிய பிள்ளை தனியாகத்தான் உட்கார்ந்திருக்கும். ஃபோர்ட்நைட், ராக்கெட் லீக் போன்றவற்றில் இந்தத் தொல்லை இல்லை, எதிலிருந்தும் எவரோடும் விளையாடலாம்.

மைன்கிராஃப்ட் என்று எழுதினால் எந்த மைன்கிராஃப்ட் என்று கேளுங்கள். கன்சோலில் இருப்பது பெட்ராக் பதிப்பு. யூடியூபில் பார்த்து ஆசைப்படும் மாட்களில் (கேமை மாற்றியமைக்கும் கூடுதல் கோப்புகள்) பெரும்பாலானவை ஜாவா பதிப்புக்கானவை, அது கணினிக்கு மட்டும். இரண்டு பதிப்புக்காரர்களும் நேரடியாக ஒன்றாக விளையாடவும் முடியாது. ரோப்லாக்ஸை பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், கணினி எதிலும் விளையாடலாம், ஆனால் அதில் சொந்தமாக கேம் உருவாக்கும் ஸ்டுடியோ கணினியில்தான் ஓடும். இன்னொரு பக்கம், நின்டென்டோவின் சொந்த கேம்கள் கணினிக்கு வருவதில்லை. சோனியின் கதை சார்ந்த கேம்கள் வந்தாலும் பெரும்பாலும் தாமதமாகத்தான் வரும். ஜிடிஏ 5 கன்சோலுக்கு வந்தது 2013இல், கணினிக்கு 2015இல். டீன் ஏஜில் ஒன்றரை வருஷத்துக்கு மேல் காத்திருப்பது சின்ன விஷயம் இல்லை.

கன்சோல்: முதலில் முட்டுவது ஸ்டோரேஜ்

2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இன் 825 ஜிபியில் கேம்களுக்கு மிஞ்சுவது சுமார் 667 ஜிபி. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 512 ஜிபி மாடலில் 364 ஜிபிதான். பெரிய கேம்கள் ஒவ்வொன்றும் 100 ஜிபியைத் தாண்டிப் போகும் காலத்தில், சீரிஸ் எஸ்ஸில் மூன்றைப் போட்டாலே நான்காவதுக்கு ஒன்றை அழிக்க வேண்டியிருக்கும். அழித்ததைத் திரும்ப இறக்க இன்டர்நெட் வேகம் போதுமா என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

வீட்டில் கிடக்கும் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பிளேஸ்டேஷன் 5 கேம்களை அதில் எடுத்துவைக்கலாம், அதிலிருந்து நேராக விளையாட முடியாது. பிளேஸ்டேஷன் 4 கேம்கள் மட்டும் அதிலிருந்தே ஓடும். நிரந்தரத் தீர்வு உள்ளே இருக்கும் எம்.2 ஸ்லாட் (கூடுதல் எஸ்எஸ்டி செருகும் இடம்). நான்காம் தலைமுறை என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான ஸ்டோரேஜ் அட்டை), நொடிக்கு 5,500 எம்பி படிக்கும் வேகம் உள்ளதாக, ஹீட்சிங்கோடு (சூட்டைத் தணிக்கும் உலோகத் தகடு) வாங்க வேண்டும். ஹீட்சிங்கையும் சேர்த்து மொத்தத் தடிமன் 11.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் பெரிய ஹீட்சிங்க் போட்டதை வாங்கிவிட்டால் ஸ்லாட்டின் மூடியை மூட முடியாது.

மாட்டுவது பத்து நிமிஷ வேலை. ரெஸ்ட் மோடில் விடாமல் முழுவதுமாக அணைத்து, எல்லா வயரையும் கழற்றுங்கள். பக்கத் தகடை எடுத்தால் ஸ்லாட் மூடி தெரியும், ஒரே திருகு. உள்ளே இருக்கும் சின்ன ஸ்பேசரை எஸ்எஸ்டியின் நீளத்துக்கு ஏற்ற குழிக்கு மாற்ற வேண்டும். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளம். எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகி, படுக்கவைத்து, திருகினால் முடிந்தது. ஆன் செய்ததும் கன்சோலே ஃபார்மேட் செய்யக் கேட்கும். எக்ஸ்பாக்ஸில் இந்த வசதி கிடையாது, அதற்கென்றே விற்கும் எக்ஸ்பேன்ஷன் கார்டுதான் வழி. ஸ்விட்ச் 2வில் கேம்களுக்கு மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டு மட்டுமே செல்லும், பழைய ஸ்விட்சின் கார்டு உதவாது.

அடுத்தது ஸ்டிக் டிரிஃப்ட். கையே வைக்காதபோது கேமரா மெல்ல ஒரு பக்கம் நகர்ந்தால் அதுதான். ஸ்டிக்குக்கு அடியில் ஒரு கார்பன் தடத்தின் மேல் சின்ன உலோகத் தகடு உரசியபடி நகர்கிறது. நாளடைவில் தடம் தேய்ந்தோ, தூசி சேர்ந்தோ தவறான அளவைக் காட்ட ஆரம்பிக்கும். தூசியால் வந்தது என்றால் காற்றடித்துச் சுத்தம் செய்ததும் சரியாகலாம். தேய்மானம் என்றால் கேமின் செட்டிங்கில் டெட்ஸோனை (ஸ்டிக்கின் சின்ன அசைவை கேம் கண்டுகொள்ளாத அளவு) கொஞ்சம் கூட்டிச் சில மாதம் ஓட்டலாம், அவ்வளவுதான். ஸ்டிக் பாகத்தை மாற்ற 14 இடங்களில் சால்டரிங்கை எடுத்து மறுபடி போட வேண்டும். அது முதல்முறை சால்டரிங் பிடிப்பவர் தொடும் வேலை இல்லை. புதிய கன்ட்ரோலர் வாங்கும்போது ஹால் எஃபெக்ட் ஸ்டிக் உள்ளதா என்று பாருங்கள். காந்தத்தை வைத்து அளப்பதால் உரசித் தேயும் தடமே அதில் கிடையாது. தினமும் விளையாடும் பிள்ளை என்றால், கூடுதல் கன்ட்ரோலர் ஒன்றின் செலவை முதல் நாளே பட்ஜெட்டில் சேர்த்துவிடுவது நல்லது.

உடைவதில் இன்னொன்று எச்டிஎம்ஐ போர்ட், அதாவது டிவி வயரைச் செருகும் இடம். வயரோடு கன்சோலை இழுத்தால் உள்ளே பின் வளையும். நண்பர் வீட்டுக்கு அடிக்கடி தூக்கிப்போகும் பிள்ளையிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். தூசிக்கு, பிளேஸ்டேஷன் 5இன் பக்கத் தகடுகளைக் கழற்றினால் தூசி சேரும் இரண்டு துளைகள் இருக்கின்றன. வேக்குவம் கிளீனரை அங்கே மெதுவாக வைத்தால் போதும். அதற்கு மேல் பிரிக்காதீர்கள், சிப்பின் மேல் இருப்பது திரவ உலோகம். டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் வைப்பதையும் தவிருங்கள், சுவரிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளியிருக்கட்டும்.

டிஸ்க் டிரைவ் உள்ள மாடலையே வாங்குங்கள் என்பேன். விளையாடி முடித்த டிஸ்க்கை விற்கலாம், நண்பரோடு மாற்றிக்கொள்ளலாம். டிஜிட்டலில் வாங்கியதை இரண்டும் செய்ய முடியாது. பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம் டிஜிட்டல் மாடலுக்கு டிரைவைப் பின்னால் தனியாக வாங்கி மாட்டலாம். சீரிஸ் எஸ்ஸுக்கு அந்த வழியே இல்லை.

சந்தாவை மறந்துவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் மற்றவர்களோடு விளையாட பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் சந்தா கட்ட வேண்டும். ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்களுக்கு வேண்டாம். பிளேஸ்டேஷனில் சேவ்களை (கேமில் சேமித்த முன்னேற்றம்) கிளவுடில் வைக்கவும் சந்தா தேவை. ஐந்து வருஷம் வைத்திருப்பதாகக் கொண்டு, ஒரு வருஷத் தொகையை ஐந்தால் பெருக்கி கன்சோல் விலையோடு கூட்டுங்கள். கணினி விலையோடு ஒப்பிட வேண்டிய எண் அதுதான். முந்தைய தலைமுறைகளில் வருஷம் போகப்போக கன்சோல் விலை இறங்கும். இந்தத் தலைமுறையில் பல நாடுகளில் ஏறியிருக்கிறது, அதனால் "அடுத்த வருஷம் குறையட்டும்" என்று காத்திருப்பதில் பெரிய லாபம் இல்லை.

கணினி: கேமைவிட செட்டிங் அதிகம்

1080பி தெளிவில் நன்றாக விளையாட ஆறு கோர் பிராசசர், 8 ஜிபி ரேம் இரண்டாக 16 ஜிபி, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, குறைந்தது 8 ஜிபி நினைவகம் உள்ள கிராபிக்ஸ் கார்டு, பெயர் தெரிந்த நிறுவனத்தின் 650 வாட் பவர் சப்ளை. கார்டில் 8 ஜிபியைவிடக் கூடக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய கேம்களில் 8 ஜிபி நிரம்பினால் சுவரும் தரையும் களிமண் பூசியதுபோல மங்கும், ஓட்டம் திக்கித்திக்கிப் போகும். ரேமை ஒரே 16 ஜிபி துண்டாகப் போட்டுத் தருவது ரெடிமேட் பிசிகளில் வழக்கம். இரட்டைச் சேனல் (இரண்டு துண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்வது) இல்லாமல் வேகம் குறையும்.

"கேமிங் பிசி, ஐ7" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தத் தலைமுறை ஐ7 என்று கேளுங்கள். பழைய ஆபீஸ் கணினியில் வண்ண விளக்கு மாட்டி விற்பதும் நடக்கிறது. அவற்றில் பலவற்றின் பவர் சப்ளை அந்த மாடலுக்கென்றே செய்தது, கிராபிக்ஸ் கார்டுக்கான தனி பவர் வயர் இருக்காது. பின்னால் கார்டு போடலாம் என்ற திட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

வந்த அன்றே மூன்று விஷயம் பார்க்க வேண்டும். மானிட்டர் வயர் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா? பின்பக்கம் மேலே, யுஎஸ்பி துளைகளோடு இருப்பது மதர்போர்டின் போர்ட், அதில் செருகினால் கார்டு வேலை செய்யாமல் சும்மா கிடக்கும். அடுத்து, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் ரெஃப்ரெஷ் ரேட் (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கும் என்பது). 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினாலும் விண்டோஸ் 60இல் விட்டிருக்கலாம், கையால்தான் மாற்ற வேண்டும். மூன்றாவது, பயோஸில் (விண்டோஸ் எழும் முன் வரும் செட்டிங் திரை) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ரேம் வேக செட்டிங். அதை ஆன் செய்யாதவரை ரேம் அட்டையில் எழுதிய வேகத்தில் ஓடாது.

தலைவலி தருவது ஆன்டி சீட், அதாவது ஏமாற்றி விளையாடுவதைத் தடுக்கும் நிரல். வேலரண்ட் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். பேட்டில்ஃபீல்ட் 6உம் செக்யூர் பூட் இல்லாமல் உள்ளே விடாது. பிள்ளை ஒரு வீடியோவைப் பார்த்து பயோஸில் செக்யூர் பூட்டை ஆன் செய்ய, கணினி விண்டோஸுக்குள்ளேயே போகாமல் நின்றுவிடும். டிஸ்க்கைப் பிரித்திருக்கும் முறை புதிய ஜிபிடியாக இல்லாமல் பழைய எம்பிஆராக இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். முதலில் டிஸ்க் மேனேஜ்மென்டில் அது எம்பிஆரா ஜிபிடியா என்று பாருங்கள். எம்பிஆர் என்றால் பேக்கப் எடுத்துவிட்டு, விண்டோஸிலேயே இருக்கும் மாற்றும் கருவியால் ஜிபிடி ஆக்கிய பிறகே பயோஸைத் தொட வேண்டும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்களா? பயோஸில் பழைய நிலைக்குத் திருப்பினால் கணினி மறுபடி எழும், பயப்பட ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட ஒரு மாலையை ரசிக்கும் பிள்ளைக்குக் கணினி பொருந்தும். எரிச்சலாகும் பிள்ளைக்குக் கன்சோல்.

ஆதாயங்களும் சின்னவை இல்லை. ஆன்லைனில் விளையாடத் தனிச் சந்தா கிடையாது. ஸ்டீமில் (கணினி கேம்களை விற்கும் ஆன்லைன் கடை) வாங்கிய கேம் பிடிக்கவில்லை என்றால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசு திரும்ப வரும். எபிக் கடை வாராவாரம் இலவச கேம் தருகிறது. பிளெண்டர் (3டி உருவாக்க), கோடோ (கேம் உருவாக்க) போன்ற மென்பொருள்களைப் போட்டுப் பார்க்கும் ஆர்வம் பிள்ளைக்கு இருந்தால் அந்த ஒரு காரணமே போதும்.

பட்ஜெட் இறுக்கம் என்றால் மட்டமான கார்டு போட்ட கணினி வேண்டாம். உள்ளேயே நல்ல கிராபிக்ஸ் உள்ள ரைசன் ஜி வகை பிராசசரோடு தொடங்கலாம். வேலரண்ட், மைன்கிராஃப்ட் அதிலேயே ஓடும், ரேம் இரண்டு துண்டாக இருக்கட்டும். பின்னால் கார்டு போட வசதியாகப் பவர் சப்ளையையும் கேபினெட்டையும் முதலிலேயே சரியாக எடுங்கள்.

கேமிங் லேப்டாப்பில் ஏமாறுவது சுலபம். ஒரே பெயருள்ள கார்டு லேப்டாப்புக்கு லேப்டாப் வேறு வாட்டில் ஓடும். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதிலும் இருக்கலாம். வாட் எண்ணைச் சொல்லாத விளம்பரத்தை நம்ப வேண்டாம். சார்ஜர் இல்லாமல் விளையாடினால் வேகம் பாதியாய் விழும், மடியில் வைத்தால் சூடு தாங்காது. படிப்புக்கும் கணினி தேவை என்று இதை வாங்குபவர்களுக்கு, சாதாரண லேப்டாப் ஒன்றும் கன்சோல் ஒன்றுமாகப் பிரித்து வாங்கிப் பார்க்கச் சொல்வேன். பல நேரம் மொத்தம் அதே அளவில்தான் வரும். ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கும்.

கட்டுப்பாடும் காசும்

இதில் கன்சோல் தெளிவாக முந்துகிறது. பிள்ளைக்கு உண்மையான வயதோடு குழந்தைக் கணக்கு திறந்தால், நேர வரம்பு, மாதச் செலவு வரம்பு, யாரோடு பேசலாம் என்பதெல்லாம் பெற்றோரின் கைபேசியில் வந்துவிடும். வயதைக் கூட்டிக் கொடுத்துத் திறந்த கணக்கில் இவை எதுவும் வராது. கணினியில் ஸ்டீம் ஃபேமிலிஸ் உண்டு, அது ஸ்டீமுக்குள் மட்டும்தான். விண்டோஸில் பிள்ளையின் கணக்கு அட்மினாக இருந்தால் எந்த வரம்பும் நிற்காது. சாதாரணக் கணக்காக மாற்றுங்கள், மென்பொருள் நிறுவும்போது பாஸ்வேர்டை நீங்கள் போடுங்கள். "இலவச ஸ்கின்" (கேமில் போடும் தோற்றம்), "ஏம்பாட்" (தானாகக் குறிபார்க்கும் நிரல்), கிராக் செய்த கேம் என்று இறக்கும் கோப்புகளில் பிரவுசரில் சேமித்த லாகின்களையும் டிஸ்கார்ட் கணக்கையும் திருடும் நிரல்கள் வரும், அவற்றில் சிலவற்றை மட்டுமே இது தடுக்கும். வங்கி அட்டையை இரண்டிலுமே சேமிக்க வேண்டாம், கிஃப்ட் கார்டு போதும்.

பழையது வாங்கினால் பணம் கொடுக்கும் முன்பே அங்கேயே இன்டர்நெட்டில் இணைத்து உங்கள் கணக்கில் லாகின் செய்து பாருங்கள். தடை செய்யப்பட்ட கன்சோல் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். எச்டிஎம்ஐ போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பின்களைப் பாருங்கள், டிஸ்க் ஒன்றைப் போட்டு எடுங்கள், இரண்டு ஸ்டிக்கையும் விட்டுவிட்டுக் கேமரா அசைகிறதா என்று கவனியுங்கள். கணினி என்றால் கனமான கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓட விட்டு, கார்டின் வெப்பத்தையும் விசிறிச் சத்தத்தையும் பாருங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம்.