பன்னீர் இறக்கப் பழைய செம்புக் குழாய்: புளியா, வினிகரா, எலுமிச்சை உப்பா?

கிருஷ்ணகிரியில் ஒரு காயலாங்கடையில் பழைய ஏசியிலிருந்து கழற்றிய மூன்று நூல் (3/8 அங்குலம்) செம்புக் குழாய் பத்தடி கிடைத்தது. "எதுக்குங்க இது?" என்று கடைக்காரர் ஒரு மாதிரியாகச் சிரித்தார். சாராயத்துக்கு இல்லை, வீட்டில் அதைக் காய்ச்சினால் 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் பாயும். எனக்கு வேண்டியது பன்னீர்: ரோஜா கொதிக்கும் ஆவி இந்தக் குழாய்க்குள் போய்க் குளிர்ந்து சொட்டவேண்டும். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் வளரும் நீளக் காம்பு ரோஜாவில் மணம் கம்மி என்பதால், வீட்டுத் தோட்டத்துப் பன்னீர் ரோஜாவைத்தான் நம்பியிருக்கிறேன்.

அதற்கு முன் குழாயின் களிம்பு போகவேண்டும். நம்ம ஊரில் செம்பைத் துலக்க என்றால் கை தானாகப் புளிக்குப் போகும். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்குப் புளி சொந்தச் சரக்காயிற்றே! வெளிப்பக்கத்துக்கு அதை அடிக்க ஆளில்லை: புளியும் கல்லுப்பும் வைத்துத் தேய்த்தால் குழாய் குத்துவிளக்கு மாதிரி மின்னும். ஆனால் ஆவி போவது உள்ளே. அங்கே விரல் நுழையாது. கரைத்து ஊற்றினால் சக்கை அடைத்துக்கொள்ளும்.

வினிகர் உள்ளே ஓடும், களிம்பையும் கரைக்கும். கடை வினிகரில் அமிலம் சுமார் 4 சதவீதம்தான், அதனால் ராத்திரி முழுக்க ஊற வைக்கவேண்டும். உப்புச் சேர்த்தால் வேகம் கூடும். ஆனால் சரியாக அலசாவிட்டால் அந்த உப்பே திரும்பவும் பச்சை பூக்க வைக்கும். வாடை வேறு லேசில் போகாது.

என் ஓட்டு எலுமிச்சை உப்புக்கு, அதாவது சிட்ரிக் அமிலத்துக்கு. ஒரு லிட்டர் சுடுதண்ணீருக்கு 50 கிராம். பத்தடிக் குழாயின் வயிறு கொள்வதே ஏறக்குறைய 150 மில்லிதான், ஆக ஒரு லிட்டர் கரைசலில் ஆறு தடவை மாற்றி ஊற்றலாம். குழாயை 'யு' மாதிரி வளைத்துத் தொங்கவிட்டு நிரப்பி, அரை மணிக்கொரு முறை மாற்றினேன். முதலில் வந்தது நீலப்பச்சை, நாலாவது கிட்டத்தட்டத் தெளிவு. கழிவறை கழுவும் ஆசிட்டும் களிம்பைக் கரைக்கும்தான், ஆனால் புகை நெஞ்சை அடைக்கும், மிச்சம் தங்கினால் செம்பை அரிக்கும். அதை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை.

இந்த மூன்றாலும் ஆகாத வேலை ஒன்று உண்டு: எண்ணெய். ஏசிக் குழாய்க்குள் கம்ப்ரஸர் ஆயில் படிந்திருக்கும், அமிலம் அதைத் தொடாது. இது தெரியாமல் முதல் முறை எலுமிச்சை உப்போடு நிறுத்திக்கொண்டேன். வந்த பன்னீரில் மெக்கானிக் ஷெட் வாசம்! ஆர்-22 என்ற வாயு ஓடும் பழைய ஏசியில் இருப்பது மினரல் ஆயில் (பெட்ரோலிய எண்ணெய்), வெறும் சலவை சோடாவுக்கு அது சோப்பாக மாறாது. பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொதிக்கும் தண்ணீரில் கலந்து, நுரையில் பிசுக்கு வருவது நிற்கும்வரை நாலைந்து முறை ஊற்றவேண்டும். அமிலமெல்லாம் அதற்கு அப்புறம்தான். பற்றவைத்த முனைகளை முன்பே அறுத்து எறிந்துவிட்டேன், அந்தப் பற்றில் என்ன கலந்திருக்கிறதோ.

கடைசியாக, மிச்ச அமிலம் போக ஆப்பசோடாத் தண்ணீர், பிறகு வெறும் தண்ணீர். எங்கள் போர்த் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை படியும், அதனால் கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர். பஞ்சர் கடையில் காற்றடித்துக் காயவைத்து, பிறகுதான் சுருளாக வளைத்தேன். பூப் போடாமல் வெறும் தண்ணீரை ஒரு முறை காய்ச்சி வடித்துக் கீழே கொட்டினேன். அதில் நீலச் சாயல் தெரிந்தால் இன்னொரு சுற்று எலுமிச்சை உப்பு. எனக்கு நீலம் எதுவும் தென்படவில்லை, மறுநாள் காலையே பூப் பறித்துவிட்டேன்.