நின்டெடனிபா, பிர்ஃபெனிடோனா?

நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் ஐ.பி.எஃப். நோய்க்குப் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படும் இரண்டு மாத்திரைகள் இவை. அமெரிக்காவில் இரண்டுக்கும் 2014 அக்டோபரில் ஒரே நாளில் அனுமதி கிடைத்தது.

நின்டெடனிப் முதலில் புற்றுநோயை மனதில் வைத்து உருவாக்கப்பட்ட மருந்து. புது ரத்தக் குழாய் வளரத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தின் ஏற்பிகளை, அதாவது அதன் சமிக்ஞையை வாங்கும் செல்லின் வாசல்களை, அது அடைக்கும். நார்த்திசுச் செல்களைப் பெருகவைக்கும் வேறு இரண்டு வகை ஏற்பிகளையும் அடைக்கும். பிர்ஃபெனிடோனின் வேலை வேறு. தழும்பாக இறுகும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் படிவதையும் அழற்சியையும் தணிக்கும்.

"அப்போ புது ரத்தக் குழாய் வளராமல் தடுக்கிற நின்டெடனிப்தானே மேல்?" என்று பலர் கேட்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தழும்பேறிய நுரையீரலில் புதுக் குழாய் இணைப்புகள் உருவாவதை பிரிட்டன் நுரையீரல் மருத்துவர் மார்கரெட் டர்னர்-வார்விக் 1963லேயே காட்டிவிட்டார். ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால் படம் சிக்கலாகிறது. தழும்பு சூடாக உருவாகிக்கொண்டிருக்கும் திட்டுகளுக்குள் ரத்தக் குழாயே அரிது. அவற்றைச் சுற்றி, இன்னும் அதிகம் கெடாத பகுதியில்தான் தந்துகிகள் எனும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நெருக்கமாக இருக்கின்றன. தேன்கூடு போல ஓட்டை விழுந்த இடத்தில் மறுபடி குறைந்துவிடுகின்றன. அந்தப் புதுக் குழாய்கள் நோயை வளர்க்கின்றனவா, சேதத்தைச் சரிசெய்யப் பார்க்கின்றனவா? இன்னும் தீராத வழக்கு இது. எலிகளில் வி.இ.ஜி.எஃப். ஏற்பியை அடைத்தபோது காற்றுப்பைச் சுவர்களே அழிந்தன என்பதையும் மறக்கக் கூடாது.

பலனிலும் பெரிய இடைவெளி இல்லை. 2014இல் வெளியான ஆய்வுகளில் இரண்டுமே மூச்சுக் கொள்ளளவு சரியும் வேகத்தை ஏறக்குறைய பாதியாக்கின. ஏற்கெனவே விழுந்த தழும்பை இரண்டும் அழிக்காது.

ஆகவே நோயாளியின் உடம்பைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி. நின்டெடனிப் தினம் இரண்டு வேளை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு வரும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். இங்கே நான் பிர்ஃபெனிடோன் பக்கம். அது மூன்று வேளை, குமட்டும், வெயில் பட்டால் தோல் சிவந்து தடிக்கும். நாள் முழுக்க வயலிலோ சாலையிலோ நிற்கிறவருக்கு நம்மூர் வெயிலில் அது பெரிய பாடு. அவருக்கு நின்டெடனிப்பை யோசிக்கலாம். புகைப்பவர் உடம்பில் பிர்ஃபெனிடோன் அளவு இறங்கிவிடும், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எதைத் தொடங்கினாலும் சாப்பாட்டோடு விழுங்குங்கள், கல்லீரல் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.