எம்எஸ்: நடாலிசுமாபா, ஆக்ரலிசுமாபா?

எம்எஸ்னா மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நம்ம நோய் எதிர்ப்பு செல்லே மூளை, தண்டுவட நரம்ப தாக்குற வியாதி. இந்த ரெண்டு மருந்துமே அந்த செல்லத்தான் குறி வைக்குது, ஆனா மடக்குற இடம் வேற. நடாலிசுமாப் செல்ல கொல்லாது, ரத்தக்குழாய் சுவத்துல ஒட்டிக்கிற அதோட கொக்கிய மூடிடும், செல் ரத்தத்துலயே சுத்திட்டிருக்கும், மூளைக்குள்ள நுழையறது ரொம்பவே குறைஞ்சிடும். 4 வாரத்துக்கு ஒரு தடவ ட்ரிப்ஸ். நல்லாவே வேலை செய்யும், ஆனா காவல் குறைஞ்ச மூளையில ஜேசி வைரஸ் கிளம்பினா பிஎம்எல்னு மோசமான வியாதி வரலாம், அதனாலதான் 2005ல மார்க்கெட்ல இருந்து எடுத்துட்டு 2006ல கட்டுப்பாட்டோட திருப்பி விட்டாங்க, இப்பவும் ஜேசி ஆன்டிபாடி டெஸ்ட் பாத்துட்டேதான் இருப்பாங்க.

ஆக்ரலிசுமாப், பி செல்ங்கிற ஒரு வகை நோய் எதிர்ப்பு செல்லயே காலி பண்ணிடும். ஆரம்ப டோஸ் முடிஞ்சா 6 மாசத்துக்கு ஒண்ணு. 2017ல அமெரிக்காவுல ஒப்புதல், பிரைமரி புரோகிரசிவ் (ஆரம்பத்துல இருந்தே மெல்ல மோசமாகிட்டே போற) எம்எஸ் வகைக்கு வந்த முதல் மருந்தும் இதான். இன்ஃபெக்‌ஷன் ரிஸ்க் உண்டு, ஹெபடைடிஸ் பி டெஸ்ட் கட்டாயம். ஜேசி பாசிட்டிவ்னா என் ஓட்டு இதுக்குத்தான்.